உள்ளங்கையில் எழுதிய பெயர்

விடியற்காலை ஆறு மணி. பள்ளித் திண்ணையில் உபாத்தியாயர் அமர்ந்திருக்கிறார். தெருமுனையிலிருந்து ஒரு சிறுவன் ஓடோடி வருகிறான். அன்றைக்கு முதலில் வந்து சேர்ந்தவன் அவனே. உபாத்தியாயர் அவனுடைய உள்ளங்கையை விரித்துப் பிடித்து, அதில் 'சரஸ்வதி' என்று எழுதுகிறார். கலைமகளின் திருநாமம் அவன் கையில் ஒரு பரிசாக விளங்குகிறது. இரண்டாவதாக வருபவனின் கையில் ஒரு சுழியம். அவனுக்குப் புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை என்பது அதன் பொருள். மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. அதற்குப் பின் வருகிறவர்களுக்கெல்லாம் அடியின் எண்ணிக்கை ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும்.

இது கற்பனைக் காட்சி அன்று. சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ, தம் ஆட்சிக்கு உட்பட்ட மாவட்டங்களில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன, அவற்றில் என்ன நடக்கிறது என்று 1822-ஆம் ஆண்டு கலெக்டர்களிடம் அறிக்கை கேட்டார். அப்போது ராஜதானியில் அடங்கியிருந்த பெல்லாரி மாவட்டத்தின் கலெக்டர் கேம்ப்பெல், 1823 ஆகஸ்டு 17-ஆம் நாள் அனுப்பிய கடிதத்தில், தெலுங்கும் கன்னடமும் கற்பித்த அவ்வூர்ப் பள்ளிகளின் காலை வேளையை இவ்வாறுதான் வருணித்திருக்கிறார். எல்லா அறிக்கைகளையும் தொகுத்து மன்றோ 1826-இல் எழுதிய குறிப்பின்படி, ராஜதானி முழுவதிலும் 12,498 பள்ளிகள் இருந்தன.

எழுத்தும் கணக்கும் அப்பள்ளிகளில் கற்பிக்கப்பட்டன. ஆனால், எழுத்துக்கும் கணக்கும் முந்திய பாடம் ஒன்று அந்த உள்ளங்கையில் தொடங்கிவிட்டது. தூக்கத்தை வெல்வது, நேரத்துக்கு வருவது, பிறரோடு கூடி அமர்வது, தன் முறை வரும்வரை காத்திருப்பது என்பவையே அந்தப் பாடம். தன்னைத் தான் ஆளும் அந்தப் பயிற்சிக்கு நம் முன்னோர் 'அடக்கம்' என்று பெயரிட்டனர். திருக்குறளில் அதற்கெனத் தனி அதிகாரமே உண்டு. ஔவையாரின் ஆத்திசூடியில் இரண்டாம் எழுத்துக்கு உரிய பாடமே சினம் தணிவதைப் பற்றியதுதான். எழுத்தைக் கற்கும்போதே குழந்தை தன்னையும் ஆளக் கற்க வேண்டும் என்பது அவ்வரிசையின் கருத்து.

அதே அறையில், அதே காலையில், ஒரு கையில் சரஸ்வதியின் பெயரும் மற்றொரு கையில் பிரம்பின் தழும்பும் பதிந்தன. பிள்ளைகளின் மனத்தில் அடக்கத்தை வேரூன்றச் செய்தது இவ்விரண்டில் எது? இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும், பேரன் பேத்திகளை வளர்க்கும் ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கேள்வி எழுந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒரே செயல், இரண்டு பொருள்

கேம்ப்பெல் தம் கடிதத்தில் தண்டனைகளையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். சோம்பலாக இருந்த பிள்ளை அடிபட்டான். பல வேளைகளில் இரு கைகளையும் கயிற்றால் கட்டி, கப்பி வழியாகக் கூரையிலிருந்து தொங்கவிட்டனர். இல்லையேல், ஓயாமல் உட்கார்ந்து எழச் செய்தனர். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் 'கோதண்டம்' என்றும் 'தோப்புக்கரணம்' என்றும் வழங்கப்பட்டவை இவைதாம்.

தோப்புக்கரணத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். விநாயகர் சந்நிதியில், காதுகளைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலித்தாலும் விடாமல், முதியவர்களும் அதைச் செய்கிறார்கள். அவர்களை எவரும் ஏவுவதில்லை. செய்யாவிட்டால் தண்டிப்பாரும் இல்லை. உட்கார்ந்து எழும் அச்செயல் பள்ளியில் தண்டனையாக இருந்தது. பிள்ளையாருக்கு முன் வழிபாடாக இருக்கிறது. உடம்பின் அசைவில் வேறுபாடு இல்லை. எவருடைய விருப்பத்தால் அது நிகழ்கிறது என்பதில்தான் வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கிறது.

பிறர் அடக்க அடங்குவது ஒன்று; தானே அடங்குவது வேறொன்று. முன்னது பிரம்பு இருக்கும்வரை நிற்கும். பின்னது எவரும் காணாத இடத்திலும் நிற்கும். பிரகலாதனின் வரலாறு இதனை விளக்கப் போதுமானது. அவன் படித்த பள்ளியின் ஆசிரியர்களான சண்டனும் அமர்க்கனும் அவனை அச்சுறுத்திப் பார்த்தனர், நயந்தும் பார்த்தனர். அரசன் கட்டளையிட்ட பாடத்தை அவன் ஏற்கவில்லை. ஆனாலும் அவன் சினந்து பேசினான் இல்லை. ஆசிரியரை இகழ்ந்தான் இல்லை. அவர்கள் வீட்டு வேலையாக வெளியே சென்ற நேரத்தில், தன்னோடு படித்த பிள்ளைகளை அருகழைத்து, அன்போடு அறம் உரைத்தான் என்று பாகவதம் கூறுகிறது. அந்தப் பள்ளியில் அடங்கிப் போகாதவன் அவன் ஒருவனே. உண்மையில் அடக்கம் உடையவனும் அவன் ஒருவனே. அடங்கிப் போவதும் அடக்கமும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

சென்னை மணலில் பிறந்த முறை

திண்ணைப் பள்ளியில் பிரம்பைத் தவிர வேறொரு கருவியும் இருந்தது. அதுவே சட்டாம்பிள்ளை முறை. படிப்பில் முந்திய பிள்ளை, பிந்திய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வான். பிறருக்குச் சொல்லித் தரும்போது அவனுக்கும் பாடம் உறுதிப்படும். சிறியவன் தடுமாறும்போது பெரியவன் பொறுமை காக்க வேண்டும். தான் ஒழுங்காக இல்லாமல் பிறரை ஒழுங்குபடுத்த முடியாது. இம்முறை பாராட்டுக்குரியது என்றும், இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தகும் என்றும் கேம்ப்பெல்லே எழுதியிருக்கிறார்.

இங்கிலாந்து பின்பற்றிய கதை சுவையானது. ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789 முதல் எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கென நடந்த அநாதை விடுதியைக் கவனித்து வந்தார். ஒரு நாள் காலையில் குதிரையில் சென்றபோது, உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் விடுதியிலும் நடத்த விரும்பினார். ஆசிரியர்கள் அதற்கு இசைந்து வரவில்லை. ஆகவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடமே சிறு பிள்ளைகளின் வகுப்பை ஒப்படைத்தார். அச்சிறுவன் அதைத் திறம்பட நடத்திக் காட்டினான். ஊர் திரும்பிய பெல் 1797-இல் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவியது. பெல் 1832-இல் மறைந்தபோது, அந்நாட்டின் பெருமக்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஆனால் கடல் கடந்து சென்ற அம்முறை அங்கே வேறு வடிவமும் கொண்டது. பெல்லின் சமகாலத்தவரான ஜோசப் லங்காஸ்டர், நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் வரிசை வரிசையாக அமர்த்தி, சட்டாம்பிள்ளைகளைக் கொண்டு நடத்தினார். அவர் பிரம்பை வெறுத்தார். ஆயினும், குற்றம் செய்த பிள்ளையைக் கூடையில் அமர்த்திக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, மற்றவர்கள் பார்த்துச் சிரிக்கும்படி செய்தார். அடி போயிற்று, அவமானம் அதன் இடத்தில் வந்து அமர்ந்தது. ஆலைகள் பெருகிய காலத்தில், மணி அடித்தால் எழுந்து மணி அடித்தால் அமரும் கூட்டம் ஒன்று தேவையாயிருந்தது. அத்தேவைக்கு அந்தப் பள்ளிகள் பொருந்தின. அங்கே ஒழுங்கு இருந்தது. அந்த ஒழுங்கு பிள்ளைகளின் உள்ளத்துக்குள் இறங்கியதா என்று கேட்பார் குறைவு.

காத்திருக்கத் தெரிந்த குழந்தை

இந்தியாவில் இன்று பள்ளியில் பிள்ளையை அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் சட்டப்படி குற்றம். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. "அடியாத மாடு படியாது" என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இது சற்றே கலக்கம் தருகிறது. பிரம்பும் போய்விட்டால் பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு எங்கிருந்து வரும் என்று தாத்தாக்கள் கவலைப்படுகிறார்கள். அக்கவலை நியாயமானதே. அதற்கு விடை தேடி அறிஞர்கள் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மழலையர் பள்ளியில், 1960-களின் பிற்பகுதியில் வால்டர் மிஷல் என்னும் உளவியல் பேராசிரியர் ஒரு சோதனை நடத்தினார். நான்கு வயதுக் குழந்தையை ஓர் அறையில் அமர்த்தி, அதன் முன்னே ஓர் இனிப்பை வைத்தார். "இப்போதே வேண்டுமானால் இது ஒன்று உனக்கு. திரும்பி வரும்வரை பொறுத்திருந்தால் இரண்டு" என்று சொல்லிவிட்டு, பெரியவர் வெளியே போய்விடுவார். சில குழந்தைகள் உடனே எடுத்துத் தின்றன. சில குழந்தைகள் கால் மணி நேரம் வரை காத்திருந்தன.

காத்திருந்த குழந்தைகள் எப்படிக் காத்திருந்தன என்பதே கவனிக்கத் தக்கது. அவை இனிப்பை உற்றுப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்துப் போராடவில்லை. கைகளால் கண்களை மூடிக்கொண்டன. தமக்குத் தாமே பாடிக்கொண்டன. கையையும் காலையும் வைத்து விளையாடத் தொடங்கின. அந்த இனிப்பை வெண்மேகமாக எண்ணிக்கொள் என்று சொல்லித் தந்தபோது, பிற குழந்தைகளாலும் நெடுநேரம் பொறுத்திருக்க முடிந்தது. புலன் சென்று பற்றும் பொருளிலிருந்து மனத்தைத் திருப்பி, வேறொன்றில் நிறுத்துவதே அதன் சூட்சுமம். ஜபமாலை உருட்டும் பெரியோர்களுக்கு இது புதிய செய்தி அன்று. அலையும் மனத்தை அதட்டி நிறுத்த முடியாது. ஒரு நாமத்தைக் கொடுத்தே நிறுத்த முடியும். குழந்தைக்கும் அவ்வாறே. "ஆசைப்படாதே" என்ற அதட்டலால் பயன் இல்லை. ஆசை எழும்போது மனத்தை எங்கே வைப்பது என்று கற்பித்தால் பயன் உண்டு. கற்பிக்க முடியும் என்பதே அந்தச் சோதனை தந்த நற்செய்தி.

காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் படிப்பில் மேம்பட்டிருந்தனர் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் 2018-இல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களைக் கொண்டு மீண்டும் ஆராய்ந்தபோது, குடும்பத்தின் நிலையையும் கணக்கில் சேர்த்ததும் அத்தொடர்பு பெருமளவு தளர்ந்துவிட்டது. பொறுமை என்பது ஏதோ சில குழந்தைகளுக்கு மட்டும் பிறவியிலேயே வாய்த்த வரம் அன்று. அது வளரும் இடத்தைப் பொறுத்து வளர்வது.

சொன்ன சொல்

அந்த 'இடம்' என்பது என்ன? அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்டி கிட் என்னும் ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்து, 2013-இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வு இதற்கு விடை தருகிறது. இனிப்பை வைப்பதற்கு முன்பாகவே, 28 குழந்தைகளை அவர்கள் இரு பிரிவாக்கினர். இரு பிரிவினருக்கும் படம் தீட்டப் பழைய வண்ணக்குச்சிகளைக் கொடுத்து, "சற்றுப் பொறுத்தால் இதைவிட நல்லது கொண்டுவருகிறேன்" என்று வாக்களித்தனர். ஒரு பிரிவினருக்கு வாக்களித்தபடியே புதியவை வந்தன. மற்றப் பிரிவினரிடம் ஆய்வாளர் வெறுங்கையோடு திரும்பி வந்து, "இல்லாமல் போய்விட்டது" என்றார். அடுத்து ஒட்டுப்படங்களுக்கும் அவ்வாறே நிகழ்ந்தது.

அதன் பிறகே இனிப்புச் சோதனை. வாக்குத் தவறாத பெரியவரைக் கண்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் பொறுத்திருந்தன. வாக்குத் தவறியவரைக் கண்ட குழந்தைகள் மூன்று நிமிடத்திலேயே இனிப்பை எடுத்துவிட்டன. முன்னவரில் 14 பேரில் 9 பேர் முழுநேரமும் காத்திருந்தனர். பின்னவரில் ஒரே ஒரு குழந்தைதான்.

அந்த மூன்று நிமிடக் குழந்தைகளை அடக்கமற்றவை என்று கூறலாமா? பெரியவர் சொல் பொய்த்துப் போவதை இரண்டு முறை கண்ட குழந்தை, மூன்றாம் முறை எதை நம்பிக் காத்திருக்கும்? குழந்தையின் பொறுமைக்கு அடியில் இருப்பது பெரியவரின் வாய்மை. அரிச்சந்திரன் கதையைப் பேரனுக்குச் சொல்லும் தாத்தா, "நாளைக்குப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறேன்" என்று அவனுக்குச் சொன்னதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். கதையிலிருந்து கற்பதைவிட, அந்த மாலையிலிருந்து அவன் அதிகம் கற்கிறான்.

குழந்தைப் பருவத்தில் வேரூன்றும் அடக்கம் எவ்வளவு தூரம் துணைவரும் என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972 ஏப்ரல் முதல் ஓராண்டு காலத்தில் பிறந்த 1,037 குழந்தைகளை அறிஞர்கள் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். சிறுவயதில் தன்னடக்கம் மிகுந்திருந்தவர்கள், 32 வயதில் உடல்நலத்திலும் பணத்தைக் கையாள்வதிலும் மேம்பட்டு, குற்ற வழக்குகளில் குறைவாகச் சிக்கியிருந்தனர் என்று 2011-இல் வெளியான அவர்களது கட்டுரை கூறுகிறது. அறிவுக்கூர்மையையும் குடும்ப வசதியையும் கழித்துப் பார்த்தபோதும் அவ்வேறுபாடு நீடித்தது.

பள்ளி இதை வளர்க்க முடியுமா? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இப்சிலாண்டி என்னும் ஊரின் பெரி பள்ளியில், 1962 முதல் 1967 வரை வறிய கறுப்பினக் குடும்பங்களின் 123 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினர் மழலைக் கல்வி பெற்றனர்; மற்றவர்கள் பெறவில்லை. அப்பள்ளியில் குழந்தை, தான் இன்று என்ன செய்யப் போகிறது என்பதைத் தானே முடிவு செய்யும், அதைச் செய்யும், பிறகு என்ன செய்தது என்பதைக் கூடி அமர்ந்து சொல்லும். ஆசிரியர்கள் வாரந்தோறும் வீட்டுக்கும் சென்று தாயோடு பேசினர். தொடக்கத்தில் உயர்ந்த அறிவுத்தேர்வு எண்கள் சில ஆண்டுகளில் மற்றவர்களோடு சமமாகிவிட்டன. முயற்சி வீண் என்றே பலரும் எண்ணினர். ஆனால் நாற்பது வயதில் கணக்கெடுத்தபோது, ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள் மழலைக் கல்வி பெறாதவர்களில் 55 விழுக்காடு. பெற்றவர்களில் 36 விழுக்காடு. எண்கள் மறைந்தன, நடத்தை நின்றது.

துடைப்பம் பிடித்த கை

அடக்கம் தனி மனிதனோடு முடிவதில்லை. அது ஊரோடு கூடி வாழும் பண்பாக மலர வேண்டும். ஜப்பான் நாட்டுப் பள்ளிகளில் பாடம் முடிந்ததும் பிள்ளைகளே துடைப்பமும் துணியும் எடுத்து வகுப்பறையையும் தாழ்வாரத்தையும் துடைக்கிறார்கள். மதிய உணவு வேளையில், முறை வந்த பிள்ளைகள் வெள்ளை மேலங்கியும் தலைக்குல்லாயும் அணிந்து மற்றவர்களுக்குப் பரிமாறுகிறார்கள். எல்லோருக்கும் பரிமாறி முடியும்வரை எவரும் உண்பதில்லை. பிறகு அனைவரும் ஒரே குரலில் நன்றி கூறித் தொடங்குகிறார்கள். 2018-இலும் 2022-இலும் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிகளைக் காணச் சென்ற ஜப்பானியர்கள், ஆட்டம் முடிந்ததும் அரங்கில் சிதறிக் கிடந்த குப்பையைப் பொறுக்கிச் சென்றதை உலகமே வியந்தது. தங்கள் வகுப்பறையில் பழகியதையே அவர்கள் அயல்நாட்டு அரங்கிலும் செய்தனர்.

தமிழ்நாட்டுக்கு இது அந்நியமான பண்பு அன்று. பந்தியில் கடைசி இலைக்கும் சோறு விழும்வரை கை வைக்காமல் காத்திருந்தவர்கள் இன்றைய முதியோர். காமராசர் காலத்தில் 1956-இல் தொடங்கிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982-இல் விரிவாக்கிய சத்துணவும் பசியை மட்டும் போக்கவில்லை. எல்லாத் தெருக்களின் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே சோற்றுக்குக் காத்திருந்து, ஒன்றாக உண்ணும் பழக்கத்தையும் தந்தன. திண்ணைப் பள்ளிக்கு வர எல்லாப் பிள்ளைகளுக்கும் வழி இருந்ததில்லை. பெண் குழந்தைகள் மிகச் சிலரே வந்தனர். அந்த வகையில் இன்றைய பள்ளி, பழைய திண்ணையைவிடப் பெரிய பந்தி. அந்தப் பந்தியில் பழகும் பொறுமையே நாளை பேருந்திலும் சாலையிலும் அலுவலகத்திலும் பண்பாக வெளிப்படும்.

திருக்கோயில் பிரகாரமும் இத்தகைய பள்ளியே. உழவாரப்பணிக்குப் பெரியவரோடு செல்லும் குழந்தை, எவரோ போட்ட குப்பையைத் தன் கையால் எடுக்கும்போது கற்பதை எந்தப் புத்தகமும் கற்பிக்காது. அடுத்த முறை வாழைப்பழத் தோலைக் கீழே போட அக்கை கூசும்.

வீட்டுத் திண்ணை

ஆனால் குழந்தை பிரகாரத்தில் வேறொன்றையும் பார்க்கிறது. தரிசன வரிசையில் நின்றுகொண்டிருக்கும் தாத்தா, தெரிந்தவர் ஒருவரைக் கண்டதும் கயிற்றைத் தூக்கி இடையில் புகுந்து விடுகிறார். பிரசாதம் வழங்கும் இடத்தில் பாட்டி முண்டியடித்து இரண்டாம் முறையும் கை நீட்டுகிறார். "கைப்பேசியைக் கீழே வை" என்று பேத்தியை அதட்டும் பெரியவர், அவள் எழுந்து போனதும் தம் கைப்பேசியில் வந்த காட்சிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கத் தொடங்குகிறார். வயது காரணமாக நிற்க இயலாதவர்கள் முன்னால் செல்வதில் குற்றமில்லை. இயலும்போதும் முந்துவது குழந்தையின் கண்ணுக்குத் தப்பாது. பிரம்பு ஒழிந்த காலத்தில், பெரியோரின் நடையே குழந்தைக்குக் கிடைக்கும் பாடம்.

இன்று பெற்றோர் இருவரும் பணிக்குச் செல்லும் வீடுகளில், பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தையை வரவேற்பவர்கள் பெரும்பாலும் தாத்தா பாட்டிகளே. பழைய திண்ணை மறைந்தாலும், அந்த மாலைப் பொழுது அவர்கள் கையில்தான் இருக்கிறது. அதில் பெரிய ஏற்பாடுகள் ஏதும் தேவையில்லை. குழந்தைக்குச் சொன்ன சிறு வாக்கையும் காப்பது முதலாவது. காக்க முடியாமற்போனால், மழுப்பாமல் காரணத்தைச் சொல்வதும் வாய்மையே. விளக்கேற்றும் நேரத்தில் ஒரு சிறு பாடல் முடியும்வரை குழந்தையோடு கூட அமர்வது இரண்டாவது. நைவேத்தியம் ஆகும்வரை சுண்டலைத் தொடாமல் காத்திருக்கும் குழந்தை, மிஷலின் சோதனையை நாள்தோறும் சிரித்துக்கொண்டே வென்றுவிடுகிறது. வீட்டில் ஒரு சிறு வேலையைக் குழந்தையின் பொறுப்பாக்குவது மூன்றாவது. செடிக்கு நீர் ஊற்றுவதாகவும் இருக்கலாம். தம்பிக்கு எழுத்துச் சொல்லித் தரும் சட்டாம்பிள்ளை வேலையாகவும் இருக்கலாம். தவறு செய்தபோது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு அவமானப்படுத்தாமல் தனியே அழைத்துச் சொல்வது நான்காவது. லங்காஸ்டரின் கூடை கூரையில்தான் தொங்க வேண்டும் என்பதில்லை. விருந்தினர் முன் சொல்லும் ஒரு சொல்லிலும் அது தொங்கும்.

கேம்ப்பெல் தம் கடிதத்தில் மற்றொரு காட்சியையும் எழுதியிருக்கிறார். ஐந்து வயது நிரம்பிய குழந்தையின் வீட்டுக்கு உபாத்தியாயரும் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அழைக்கப்படுவர். விநாயகர் திருவுருவத்தைச் சுற்றி வட்டமாக அமர்வர். குழந்தை விநாயகருக்கு நேர் எதிரே அமரும். தூபம் காட்டி நிவேதனம் செய்து, அறிவை வேண்டும் பிரார்த்தனையை உபாத்தியாயர் சொல்ல, குழந்தை திருப்பிச் சொல்லும். பிறகு அவர் குழந்தையின் விரலைப் பிடித்து, பரப்பிய அரிசியில் இறைவனின் திருநாமத்தை எழுதச் செய்வார்.

இருநூறு ஆண்டுகள் கடந்த பின்னும், விஜயதசமிதோறும் அதே காட்சி கோயில்களிலும் வீடுகளிலும் நடக்கிறது. தாம்பாளத்து அரிசியில் சின்னஞ்சிறு விரல் ஒன்று நகர்கிறது. அதைச் சுருக்கம் விழுந்த கை ஒன்று மெல்லப் பிடித்திருக்கிறது. இழுத்துப் பிடித்தால் எழுத்து கோணும். விட்டுவிட்டால் விரல் வழி தவறும். சற்று நேரத்தில் அந்தக் கை விலகிக்கொள்ளும். அதன் பிறகும் விரல் நேராக நகருமானால், பிடித்திருந்த கை தன் வேலையைச் செய்து முடித்தது என்று பொருள்.